அமெரிக்க உள்நாட்டுப் போர வாசிப்பு வட்டத்துல நடத்துறது எப்படி? சவுத் கரோலினா ஒண்ணு போதும்

மதுரைப் பக்கம் ஞாயித்துக்கிழமை கூடுற வாசிப்பு வட்டம் இப்ப ஏரியாவுக்கு ஒண்ணு இருக்கு, நல்ல விஷயம்தான். ஆனா அங்க யாராச்சும் அடுத்த வாரம் நான் அமெரிக்க உள்நாட்டுப் போர் பத்திப் பேசுறேன்னு பேர் குடுத்தா என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும், மரக்குடிசைல பொறந்த லிங்கன்ல ஆரம்பிச்சு, கெட்டிஸ்பர்க்ல பேசுனது, அடிமைகளுக்கு விடுதலை, தியேட்டர்ல சுட்டது, அம்புட்டுதான், டீ வந்துருச்சு. நாலு வருஷப் போரு, அதுக்கு முன்னாடி ரெண்டு நூற்றாண்டு, பின்னாடி ஒரு நூற்றாண்டு, எல்லாத்தையும் ஒரு நல்ல மனுஷன் கதையா சுருட்டிக் குடுத்துட்டு எந்திரிச்சு வந்துருவோம்.

நான் சொல்றது, மொத்த அமெரிக்காவையும் தொடாதீங்க. ஒரே ஒரு மாநிலத்த எடுங்க, அதுவும் சவுத் கரோலினாவ எடுங்க. மொதல்ல பிரிஞ்சு போனது அதுதான், 1860 டிசம்பர் 20. போர ஆரம்பிச்சு வெச்ச குண்டு விழுந்ததும் அங்கதான், 1861 ஏப்ரல் 12 விடியக்காலம் நாலரை மணிக்கு, சார்ல்ஸ்டன் துறைமுகத்துல இருந்த சம்டர் கோட்டை மேல. போர் முடிஞ்சப்புறம் கறுப்பின மக்கள் சட்டசபைல மெஜாரிட்டியா உக்காந்ததும் அங்கதான், அத துப்பாக்கிய வெச்சுப் பிடுங்குனதும் அங்கதான். ரெண்டரை மணி நேரம் இருந்தா போதும், நடுவுல ஒரு பிரேக்.

என்னென்ன ரெடி பண்ணணும்

ஜெராக்ஸ் கடைல மூணு விஷயம் எடுத்துக்கங்க. 1860 சென்சஸ்ல இந்த மாநிலத்துக்கு உண்டான நாலு வரி நம்பர். பிரிஞ்சு போனதுக்கு அவங்களே காரணம் எழுதி 1860 டிசம்பர் 24ல வெளியிட்ட அறிக்கை, நெட்டுல ஃப்ரீயா கெடைக்கும், நாலஞ்சு பக்கம்தான். அப்புறம் அந்தக் கடலோரத்து மேப் ஒண்ணு, சார்ல்ஸ்டன், போஃபோர்ட், ஜார்ஜ்டவுன் மூணும் தெரியற மாதிரி. பிரொஜெக்டர் வேண்டாங்க. படம் ஓட்டுனா எல்லாரும் சாஞ்சு உக்காந்து பாத்துட்டுப் போயிருவாங்க, பேப்பர் கைல இருந்தாதான் "இதுல இப்படி இல்லையே"ன்னு சண்டைக்கு வருவாங்க, நமக்கு அந்தச் சண்டைதான் வேணும்.

மொதல்ல நம்பர், அப்புறம்தான் கதை

1860ல அந்த மாநிலத்து மொத்த ஜனத்தொகை 7,03,708. அதுல அடிமைகளா வெச்சுருந்தது 4,02,406 பேர். வெள்ளைக்காரங்க 2,91,300. சுதந்திரமா இருந்த கறுப்பினத்தவங்க பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கொறைவு. இத சும்மா வாசிச்சுட்டுப் போனா யாருக்கும் உறைக்காது, அதனால உக்காந்துருக்கவங்கள பத்துப் பத்துப் பேரா பிரிச்சு ஒவ்வொரு பத்துலயும் ஆறு பேர எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க. நூத்துக்கு 57 பேர், கிட்டத்தட்ட அதே கணக்கு. நிக்கிற ஆறு பேருக்கும் ஓட்டு கெடையாது, சம்பளம் கெடையாது, எழுத்து சொல்லிக் குடுத்தா சொல்லிக் குடுத்தவனுக்குத் தண்டனை, புள்ளைய எப்ப வேணா விக்கலாம். உக்காந்துருக்கவங்கள்ல ஒருத்தர் சொந்த சொத்துக் கணக்குல இவங்க பேரெல்லாம் இருக்கும்.

இதுக்கு மேல ஒரு நம்பர் போடுங்க. பிரிஞ்சு போலாமான்னு முடிவு பண்ண கூடுன மாநாட்டுல விழுந்த ஓட்டு 169, எதிர்ப்பு பூஜ்யம். "சவுத் கரோலினா மக்கள் ஒருமனதா பிரிஞ்சாங்க"ன்னு எழுதற புத்தகம் இருக்கு. நிக்கிற ஆறு பேர பாத்துட்டு அந்த வரிய மறுபடி வாசிக்கச் சொல்லுங்க. இன்னொண்ணும் இருக்கு, அந்த வருஷ எலெக்‌ஷன்ல லிங்கனுக்கு அந்த மாநிலத்து ஜனங்க ஒரு ஓட்டு கூட போடல, ஏன்னா போட வழியே இல்ல. ஜனாதிபதியத் தேர்ந்தெடுக்க மாநிலத்து சார்புல ஓட்டுப் போடற ஆட்கள அங்க சட்டசபையே தேர்ந்தெடுத்து அனுப்பிரும், வெள்ளைக்காரக் குடியானவனுக்குக் கூட அதுல நேரடி ஓட்டு இல்ல. அப்படி இருந்த ஒரே மாநிலம் அப்ப அதுதான்.

அடிமை வெச்சுருந்தது ரெண்டு மூணு பெரிய பண்ணையாருங்க மட்டும்தான்னு ஒருத்தர் சொல்லுவாரு, அதுக்கும் பதில் வெச்சுக்கங்க. அங்க வெள்ளைக்காரக் குடும்பங்கள்ல பாதிக்குக் கொஞ்சம் கொறைய அடிமை வெச்சுருந்துச்சு.

மடை திறக்கத் தெரிஞ்சவங்க

இந்த எடத்துல கொஞ்சம் நின்னு பேசுங்க, நம்ம ஆளுங்களுக்கு இதுதான் ஒட்டும். சவுத் கரோலினான்னாலே பருத்தின்னு நெனப்பாங்க, ஆனா கடலோரத்துல அவங்கள பணக்காரங்களாக்குனது நெல்லு. ஜார்ஜ்டவுன் பக்கம் ஆத்துல கடல் ஏத்தம் வர்றப்ப நல்ல தண்ணி மேல ஏறும், அந்தத் தண்ணிய வயலுக்குள்ள விட்டு, எறக்கத்துல வடிய விடணும். அதுக்குக் கரை போட்டு, மரத்துலயே மடை செஞ்சு வெச்சுருந்தாங்க. உப்புத் தண்ணி உள்ள வந்துட்டா பயிரு போச்சு, எப்ப தொறக்கணும் எப்ப அடைக்கணும்னு தெரிஞ்ச ஆள் வேணும். அந்தத் தெரிஞ்ச ஆளுங்க மேற்கு ஆப்பிரிக்காவுல தலைமுறை தலைமுறையா நெல்லு போட்ட ஜனங்க, அவங்களத்தான் பிடிச்சுட்டு வந்து அங்க வித்தாங்க. சதுப்பு நிலத்துல சைப்ரஸ் மரத்த வெட்டிக் கரை எழுப்புனதும் அவங்கதான், மலேரியாவுல செத்ததும் அவங்கதான்.

மேலூர் பக்கத்துல இருந்து வர்ற ஒரு விவசாயி இருந்தா இத அவர்கிட்ட விட்டுருங்க. பெரியாறு கால்வாய்ல தண்ணி விட்ட அன்னிக்கு ராத்திரி முழுக்க மடைல நின்னவருக்கு நான் விளக்க வேண்டியதே இல்ல, எங்க வட்டத்துல இருக்க பெரியவர் ஒருத்தர் கேட்ட மொத கேள்வியே "அப்ப ராத்திரில யாரு தம்பி கரையப் பாத்துக்குவா, மொதலாளியா"ன்னுதான். மொதலாளி அங்க இருக்கவே மாட்டான். கொசு சீசன் வந்துட்டா சார்ல்ஸ்டன்ல மாடி வீட்டுக்குப் போயிருவான். அங்க ஒருத்தருக்கு ஒரு நாள் வேலைன்னு அளந்து விடுவாங்க, வழக்கமா கால் ஏக்கர், அதாவது நம்ம கணக்குல 25 சென்ட். ஜார்ஜ்டவுன் மாவட்டத்துல 1860ல நூத்துக்கு 85 பேர் அடிமைகள். ஜோஷுவா வார்டுன்னு அங்க ஒரு நெல்லுப் பண்ணையாரு, 1850 சென்சஸ்ல அவர் ஒருத்தர் கணக்குலயே அடிமைங்க ஆயிரத்துக்கு மேல.

இது தெரிஞ்சப்புறம் பிரிவினைக் காரணத்துக்கு வாங்க, ஏன் அம்புட்டு பயந்தாங்கன்னு தானா புரியும்.

அவய்ங்களே எழுதுன காரணம்

அறிக்கைய எல்லாருக்கும் குடுத்து ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்க வெச்சு, கூடவே தமிழ்ல சொல்லச் சொல்லுங்க, காலேஜ் பசங்க இருந்தா நல்லா பண்ணுவாங்க. எழுதுனது கிறிஸ்டோபர் மெமிங்கர்ங்கற வக்கீல், பின்னாடி பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்க சேந்து அமைச்ச கூட்டமைப்புக்கு நிதிச் செயலரானவர். மொத ரெண்டு பக்கம் சட்டம், ஒப்பந்தம், 1776ன்னு போகும், தூக்கம் வரும், வேகமா தாண்டுங்க. மூணாவது பக்கத்துல மேட்டர் வந்துரும். வட மாநிலங்க ஓடிப்போன அடிமையத் திருப்பிக் குடுக்க மாட்டேங்குது. அடிமை முறை பாவம்னு பேசுது. அத எதிர்க்கற சங்கங்கள வளர விடுது. எங்க அடிமைங்க ஆயிரக்கணக்குல ஓடிப்போக உதவி பண்ணுது, இருக்கறவங்களயும் ஆளனுப்பி, புத்தகம் அனுப்பி, படம் அனுப்பி கலகத்துக்குத் தூண்டுது. இப்ப ஜனாதிபதியா வந்துருக்க ஆளு அடிமை முறைக்கு எதிரி. லிங்கன் பேரக் கூட எழுதல, அந்த ஆளுன்னு மட்டும் போட்டுருக்காய்ங்க.

புத்தகத்தையும் படத்தையும் பாத்துப் பயந்த எடத்துல நிறுத்தி ரெண்டு நிமிஷம் பேச விடுங்க. அங்க 1740லயே அடிமைக்கு எழுதச் சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு சட்டம், 1834ல படிக்கவும் கூடாதுன்னாங்க.

வரி பிரச்சனைதான் காரணம், சுங்க வரிதான் காரணம்னு யூடியூப் பாத்துட்டு வர்ற ஒருத்தர் இருப்பாரு. பேப்பர அவர் கைல குடுத்து சுங்க வரின்னு எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க. இந்த அறிக்கைல அது இல்ல. 1832ல சுங்க வரிக்காக இதே மாநிலம் மத்திய அரசோட முட்டுனது உண்மை, அது வேற கதை, அதையும் இதையும் கலந்துதான் குழப்புவாங்க.

மாநில உரிமைங்கற எடத்துல ஜாக்கிரதை

தமிழ்நாட்டுல இத நடத்தறவங்க வழுக்கி விழற எடம் இதுதான், இங்க நேரம் எடுத்துக்கங்க. நமக்கு மாநில உரிமைன்னு சொன்னாலே நெஞ்சு நிமிரும். அண்ணா திராவிட நாடு கேட்டது, 1963ல பிரிவினை பேசறதுக்கு எதிரா அரசியல் சட்டத்தத் திருத்துனப்ப அந்தக் கோரிக்கைய விட்டது, 1969ல கலைஞர் போட்ட ராஜமன்னார் குழு, 1974ல சட்டசபைல மாநில சுயாட்சித் தீர்மானம், இதெல்லாம் கேட்டு வளந்தவங்க நாம. அதனால டெல்லி மாதிரி வாஷிங்டன், நம்மள மாதிரி சவுத் கரோலினான்னு மனசு தானா ஒரு பக்கம் சாஞ்சுரும். அன்னிக்கு ஒரு தம்பி கேட்டான், "அண்ணே, மத்திய அரசு அதிகாரத்த எதிர்த்து நின்னாங்கன்னா அவங்க நம்ம பக்கம்தானே?"

"அதே பேப்பர்ல மூணாவது பக்கத்த இன்னொரு தடவ படிடா"ன்னேன்.

படிச்சா தெரியும், அவங்க கோபமே மத்த மாநிலங்க தங்களோட உரிமையப் பயன்படுத்துனதுலதான். மாசசூசெட்ஸ், வெர்மான்ட், நியூயார்க், பென்சில்வேனியான்னு பேரு போட்டுத் திட்டுறாங்க. இந்த மாநிலங்க ஓடி வந்த அடிமையப் பிடிச்சுக் குடுக்க மாட்டோம்னு தங்க சட்டசபைல சட்டம் போட்டுச்சு. நியூயார்க் வழியா அடிமையக் கூட்டிட்டுப் போற உரிமையக் கூட மறுக்குதுன்னு ஒரு வரி. சில மாநிலங்க கறுப்பின ஆளுகளுக்குக் குடியுரிமை குடுத்து ஓட்டுப் போட விடுதுன்னு ஒரு வரி. அப்ப இவங்க கேட்டது என்ன? வெர்மான்ட்காரன் போட்ட சட்டத்த மத்திய அரசு மிதிச்சுக்கிட்டு உள்ள போயி எங்க ஆள இழுத்துட்டு வந்து குடுக்கணும்னுதான். 1850ல வந்த ஓடிப்போன அடிமைகள் சட்டம் அதைத்தான் செஞ்சுச்சு, அப்ப மத்திய அரசு அதிகாரம் அவங்களுக்கு இனிச்சுச்சு.

இதனால நம்ம மாநில சுயாட்சி தப்புன்னு ஆயிராது, அத வேற நாள் பேசிக்கலாம். உரிமைன்னு ஒருத்தன் வந்தா யாரு, யாரு மேல, என்ன பண்றதுக்கான உரிமைன்னு அவன் பேப்பரயே வெச்சுக் கேக்கணும், அன்னிக்கு சாயங்காலம் பூரா இந்த ஒரு கேள்விதான் ஓடணும்.

போருக்கு எம்புட்டு நேரம்

இருபது நிமிஷம். அதுக்கு மேல குடுத்தீங்கன்னா தளபதி பேரும் பீரங்கி சைஸும் பேசற ஆளுங்க மைக்க பிடுங்கிருவாங்க. சம்டர் கோட்டைல 34 மணி நேரம் குண்டு போட்டாங்க, சண்டைல ஒருத்தரும் சாகல. அப்புறம் செத்தாங்க, நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கு மேல. இந்த மாநிலத்துக்கு முக்கியமான தேதி 1861 நவம்பர் 7. வடக்குக் கடற்படை போர்ட் ராயல்ல குண்டு போட்டு உள்ள வந்துச்சு, போஃபோர்ட்லயும் சுத்தி இருந்த தீவுகள்லயும் இருந்த பண்ணையாருங்க ராவோட ராவா ஓடிட்டாங்க. ஓடறப்ப அடிமைகளையும் வாங்கடான்னு கூப்பிட்டாங்க, பத்தாயிரம் பேர் அளவுக்கு நாங்க வரலன்னு அங்கயே நின்னுட்டாங்க. லிங்கனோட விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1, அதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல முன்னாடியே இங்க நெலத்துல உழுறவங்க முடிவு எடுத்துட்டாங்க, பள்ளிக்கூடம் வந்துருச்சு, கூலிக்குப் பருத்தி போட ஆரம்பிச்சாச்சு.

1863 ஜூன் 2ல கொம்பாஹி ஆத்துல, அடிமையா இருந்து தப்பிச்சு மத்தவங்களயும் தப்பிக்க வெச்ச ஹாரியட் டப்மன்ங்கற அம்மா வழி காட்டி கூட்டிட்டுப் போன வடக்குப் படை, ஒரே ராத்திரில 700 பேருக்கு மேல விடுவிச்சுட்டு வந்துச்சு. 1865 பிப்ரவரி 17ல தலைநகர் கொலம்பியா எரிஞ்சது, வடக்குத் தளபதி ஷெர்மனோட படைதான் எரிச்சுச்சா, தெருவுல கெடந்த பருத்திப் பொதில பத்துன தீயா, காத்தான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. அதுல ரெண்டு நிமிஷத்துக்கு மேல போடாதீங்க.

இங்க ஒரு பிரேக் விடுங்க, பருத்திப்பால் வண்டி பக்கத்துல இருந்தா டீக்குப் பதிலா அதையே சொல்லிருங்க, அடுத்த பேச்சு பருத்திதான். போருக்கு முன்னாடி இங்கிலாந்து மில்லுங்களுக்குப் போன பருத்தில முக்கால்வாசி அமெரிக்கத் தெற்குல இருந்துதான். வடக்கு துறைமுகங்கள அடைச்சதும் லங்காஷயர்ல மில்லு மூடி ஜனம் பட்டினி. லிவர்பூல்ல வெல பல மடங்கு ஏற, அவங்க கண்ணு இந்தியா பக்கம் திரும்புச்சு. திருமங்கலத்துல இருந்து திருநெல்வேலிச் சீமை வரைக்கும் இருக்க கரிசக்காட்டுப் பருத்திக்குக் கூட திடீர்னு கிராக்கி, தூத்துக்குடிக்கு வண்டி வண்டியா போச்சு. 1865ல போர் முடிஞ்சதும் வெல தலைகுப்புற விழுந்துச்சு, பம்பாய்ல ஷேர் மார்க்கெட்டே கவுந்துச்சு. எங்கள்ல மில்லுல வேலை பாத்து ரிட்டயரான ஒரு அண்ணன் இருக்காரு, "அங்க அடிமைக்கு விடுதலைன்னா இங்க சம்சாரிக்குக் கடனா"ன்னு கேட்டாரு. சந்தைல லாபம் பாத்த தரகனுக்கு ஒண்ணும் ஆகலங்கறதையும் சேத்துக்கங்கன்னு சொன்னேன்.

ஒரு ஆளப் பிடிச்சுக்கிட்டே போங்க

பிரேக் முடிஞ்சதும் ஜனம் சோந்து இருக்கும். இப்ப ராபர்ட் ஸ்மால்ஸ் கதைய எடுங்க. 1839ல போஃபோர்ட்ல அடிமையா பொறந்தவரு, சின்ன வயசுலயே சார்ல்ஸ்டனுக்கு வாடகைக்கு விட்டுட்டாங்க, சம்பளம் மொதலாளிக்கு. பொண்டாட்டியும் புள்ளையும் வேற ஒருத்தன் சொத்து, அவங்கள வெலைக்கு வாங்க 800 டாலர் பேசி காசு சேத்துட்டு இருந்தாரு. போர் வந்தப்ப பிளாண்டர்ங்கற நீராவிக் கப்பல்ல ஓட்டுற வேலை, தெற்குப் படைக்குப் பீரங்கியும் சாமானும் ஏத்தற கப்பல். 1862 மே 13 விடியக்காலம் வெள்ளைக்கார அதிகாரிங்க மூணு பேரும் கரைல தூங்கப் போயிட்டாங்க. ஸ்மால்ஸ் கேப்டனோட வைக்கோல் தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டு, கேப்டன் மாதிரியே கை கட்டி நின்னுக்கிட்டு, வழில இன்னொரு எடத்துல குடும்பங்கள ஏத்திக்கிட்டு, ஒவ்வொரு கோட்டையத் தாண்டும்போதும் சரியான விசில் அடிச்சுக்கிட்டே போறாரு. சம்டர் கோட்டைக்காரன் விசிலுக்குப் பதில் குடுத்து விட்டுட்டான். பீரங்கி எட்டாத தூரம் போனதும் தெற்குக் கொடிய எறக்கிட்டு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்ப ஏத்துனாரு, வடக்குக் கப்பல்காரன் சுடப் போற கடைசி நேரத்துல அத பாத்து நிறுத்துனான். பதினாறு பேர் விடுதலை.

இந்த மனுஷன விடாதீங்க, 1895 வரைக்கும் இவர் கைய பிடிச்சுக்கிட்டுப் போலாம். கப்பலுக்குக் கெடைச்ச பரிசுப் பணத்துல தன் பழைய மொதலாளி வீட்டையே, வரி கட்டாம ஏலத்துக்கு வந்தப்ப வாங்குனாரு. 1868ல புது அரசியல் சட்டம் எழுதற மாநாட்டுல உறுப்பினர், எல்லாப் புள்ளைங்களுக்கும் இலவசக் கட்டாயப் பள்ளிக்கூடம் வேணும்னு தீர்மானம் கொண்டு வந்தாரு. எழுதச் சொல்லிக் குடுத்தா குத்தம்னு இருந்த அதே மாநிலத்துல. அப்புறம் வாஷிங்டன்ல காங்கிரஸ் உறுப்பினரா அஞ்சு தடவ.

1865ல நிறுத்தாதீங்க

பாதிப் பேர் நிறுத்தற எடம் அது, ஆனா உண்மையான சண்டை அங்கதான் ஆரம்பிக்குது, ஏன்னா நெலம். 1865 ஜனவரில ஷெர்மன் ஒரு உத்தரவு போட்டாரு, சார்ல்ஸ்டன்ல இருந்து தெற்கால கடலோர நெலத்த விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரைக்கும் பிரிச்சுக் குடுக்கணும்னு. ஒரு நாப்பதாயிரம் பேர் குடியேறுனாங்க. லிங்கன் செத்து ஜான்சன் ஜனாதிபதியானதும் பழைய பண்ணையாருங்களுக்கு மன்னிப்பு குடுத்து நெலத்தையும் திருப்பிக் குடுத்துட்டாரு. அக்டோபர்ல எடிஸ்டோ தீவுக்கு விடுதலையானவங்களுக்காக மத்திய அரசு வெச்ச அலுவலகத்துத் தலைவர் ஜெனரல் ஹோவர்டு வந்து, கூடியிருந்த ஜனத்துகிட்ட நெலத்த விட்டுருங்க, பழைய மொதலாளிய மன்னிச்சுருங்கன்னு கேட்டாரு. அவங்க ஒரு கமிட்டி போட்டுப் பதில் எழுதுனாங்க. மரத்துல கட்டி வெச்சு 39 சவுக்கடி குடுத்தவன, என் அம்மாவையும் தங்கச்சியையும் அடிச்சவன, இப்பவும் அவன் சொல்ற கூலிக்கு ஒத்துக்கிட்டாத்தான் காலிக் குடிசைல இருக்க விடுவேங்கறவன எப்படி நான் மன்னிக்கிறதுன்னு. அந்தக் கடிதம் நெட்டுல இருக்கு, முழுசா வாசிங்க, சுருக்காதீங்க.

இதக் கேட்டதும் நம்ம ஆளுங்கள்ல ஒருத்தர் பஞ்சமி நெலம்னு சொல்லாம இருக்க மாட்டாரு. சொல்லட்டும். பேர்ல ஒருத்தர், அனுபவத்துல இன்னொருத்தர்னு ஆன நெலத்துக் கதை நமக்குத் தெரியாததா. ஆனா அங்க இருந்து ஜாதியும் நிறமும் ஒண்ணுதான்னு ஒரே தாவா தாவ விடாதீங்க. இந்தியாவுல அடிமை உரிமைய கோர்ட்டு ஏத்துக்காதுன்னு 1843லயே சட்டம் வந்துருச்சு, இருந்தும் பண்ணையாள் முறை ஏன் ஓடுச்சுன்னு கேட்டா பேச்சு உருப்படியா போகும்.

1865 கடைசில கறுப்பினத்தவங்களக் கட்டிப் போட மாநில சட்டசபை போட்ட 'கறுப்புச் சட்டங்கள்'ல ஒரே ஒரு விஷயத்த சொல்லுங்க, விவசாயக் கூலி, வீட்டு வேலை தவிர வேற தொழில் பாக்கணும்னா கறுப்பின ஆள் வருஷா வருஷம் லைசென்ஸ் வாங்கணும், கடை வெக்க 100 டாலர். அன்னிக்கு அது பெரிய காசு. இந்தச் சட்டங்களப் பாத்துக் கடுப்பாகித்தான் வாஷிங்டன் 1867ல மறுபடி ராணுவத்த எறக்கி, கறுப்பின ஆம்பளைங்களுக்கு ஓட்டு குடுத்துப் புது அரசியல் சட்டம் எழுத வெச்சுச்சு. மாநாட்டுல 124 பேர், அதுல 76 பேர் கறுப்பினம். சொத்து இருந்தாதான் ஓட்டுங்கறது போச்சு, கடனுக்காக ஜெயில் போச்சு. அந்த ஆட்சில ஊழலும் இருந்துச்சு, ரயில்வே பாண்டுல, அச்சு கான்ட்ராக்ட்ல வெள்ளைக்காரங்களும் கறுப்பினத்தவங்களும் சேந்தே அடிச்சாங்க, அத மறைக்காம சொல்லிருங்க, மறைச்சா அதையே பிடிச்சுக்கிட்டு மத்ததெல்லாம் பொய்யின்னு ஒருத்தர் கெளம்புவாரு.

அந்த ஆட்சியக் கவுக்க ஊழல் காரணமில்ல, ஓட்டுதான் காரணம். 1871ல கூ கிளக்ஸ் கிளான்ங்கற வெள்ளை வெறிக் கும்பலோட ஆட்டத்த அடக்க ஜனாதிபதி கிராண்ட் ஒம்போது கவுண்டில ஆட்கொணர்வு உரிமையவே நிறுத்தி வெச்சாரு. 1876 ஜூலைல ஹாம்பர்க்ங்கற சின்ன ஊர்ல, சரணடைஞ்ச கறுப்பின மிலிஷியாக்காரங்கள, அதாவது மாநிலத்து ஊர்க்காவல் படை ஆளுங்கள, ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டு சுட்டாங்க. அதே வருஷ எலெக்‌ஷன்ல எட்ஜ்ஃபீல்டு கவுண்டில இருக்க வாக்காளர விட விழுந்த ஓட்டு அதிகம். ரெண்டு கட்சியும் நாங்கதான் ஜெயிச்சோம்னு சொல்ல, ரெண்டு கவர்னர், ரெண்டு சட்டசபை, நாலு நாள் ஒரே மண்டபத்துல ரெண்டு சபாநாயகரும் உக்காந்துருந்தாங்க, நம்ம அரசியல் பாத்தவங்களுக்கு இது பெருசா ஆச்சரியம் தராது. 1877 ஏப்ரல்ல மத்திய ராணுவம் வெளிய போச்சு, பழைய ஆளுங்க உள்ள வந்தாங்க.

எட்டுப் பொட்டி

இது கடைசி பயிற்சி, கண்டிப்பா செய்யுங்க. எட்டு செருப்பு டப்பா எடுத்து மேல ஒவ்வொரு பதவி பேர கன்னடத்துலயோ, யாருக்கும் படிக்கத் தெரியாத வேற எழுத்துலயோ எழுதி வைங்க. கவர்னர், செனட்டர்னு எட்டு சீட்டு குடுத்து சரியான டப்பாவுல போடச் சொல்லுங்க, யாராச்சும் பாத்து வெச்சுச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சா டப்பாக்கள எடம் மாத்துங்க. தப்பான டப்பாவுல விழுந்த ஓட்டு செல்லாது. 1882ல சவுத் கரோலினா கொண்டு வந்த சட்டம் அச்சு அசல் இதுதான். கறுப்பின ஆளுக்கு ஓட்டு இல்லைன்னு எங்கயும் எழுத முடியாது, மத்திய அரசியல் சட்டத்தோட 15வது திருத்தம் தடுக்குது, அதனால படிக்கத் தெரியாதவன வடிகட்டுனாங்க. படிக்க விடாம வெச்சுருந்ததும் அவங்கதான்.

நம்ம 1951-52 மொதல் பொதுத் தேர்தல்லயும் வேட்பாளருக்கு ஒரு பொட்டி இருந்துச்சு, ஆனா பொட்டி மேல சின்னம் ஒட்டி இருந்துச்சு, படிக்கத் தெரியாதவங்களும் போடணும்னு. இத சொன்னதும் பெரியவங்க ஆளுக்கு ஒரு சின்னத்த ஞாபகப்படுத்துவாங்க, பேச விடுங்க, பத்து நிமிஷம் போனா போகுது.

1895ல பென் டில்மன் தலைமைல மறுபடி அரசியல் சட்ட மாநாடு. ஹாம்பர்க் கொலைல தானும் இருந்தேன்னு வெளிப்படையா பெருமை பேசுன ஆளு அவரு. 160 உறுப்பினர்ல கறுப்பினம் ஆறே பேர், அதுல ஒருத்தர் ஸ்மால்ஸ். ரெண்டு வருஷம் குடியிருப்பு, தலைவரி, படிச்சுக் காட்டணும் இல்ல 300 டாலர் சொத்து காட்டணும்னு போட்டு மெஜாரிட்டி ஜனத்தோட ஓட்டயே எடுத்தாங்க. ஸ்மால்ஸ் கையெழுத்துப் போட மறுத்துட்டாரு. அதுக்கப்புறம் 1965ல வாக்குரிமைச் சட்டம் வர்ற வரைக்கும் அந்த ஜனம் காத்துருந்துச்சு, வந்த உடனே அது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது யாருன்னு கேளுங்க. சவுத் கரோலினாதான், 1966ல தோத்துச்சு.

செல நேரம் யாராச்சும் கொடி, சிலை பத்திக் கேப்பாங்க. தெற்குப் படையோட போர்க்கொடிய சட்டசபை மேல ஏத்துனது 1860கள்ல இல்ல, 1960கள் தொடக்கத்துல, கறுப்பின மக்கள் உரிமைப் போராட்டம் சூடா இருந்தப்ப. 2015ல சார்ல்ஸ்டன் சர்ச்சுக்குள்ள ஒம்போது பேர ஒருத்தன் சுட்டுக் கொன்னப்புறம்தான் அந்த வளாகத்த விட்டே எறங்குச்சு. டில்மன் சிலை இன்னும் அங்க நிக்குது. ஸ்மால்ஸுக்கு அதே வளாகத்துல சிலை வெக்க 2024ல சட்டம் போட்டாங்க.

இத ஒரு தடவ நடத்திட்டீங்கன்னா அடுத்த மாசத்துக்கு வேற ஒருத்தர மிசிசிப்பி எடுக்கச் சொல்லுங்க, அது 1861 ஜனவரி 9ல பிரிஞ்சுச்சு. அவங்க அறிக்கைல சுத்தி வளைக்கறதே இல்ல, ஆரம்பத்துலயே எங்க நிலைப்பாடு அடிமை முறையோட ஒட்டுனது, உலகத்துலயே பெரிய பொருளாதார நலன் அதுதான்னு போட்டுருக்காய்ங்க. தூக்கம் வர்ற பக்கம் கெடையாது, ஜெராக்ஸ் செலவும் கொறைவு.